கலைஞர்களுக்கு இணையச் சந்தை அமைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஓவியம், அச்சோவியம், பீங்கான் வேலை என்று தனியாக இயங்கும் கலைஞர்களுக்காக ஓர் இணையச் சந்தையைச் சிலரோடு சேர்ந்து கட்டி, சில ஆண்டுகள் நடத்தினேன். அதைக் கேள்விப்பட்டு ஆலோசனை கேட்டு எழுதுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கலைஞருக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் இருந்தால் போதாதா? நடுவில் சந்தை எதற்கு?

பெயர் தெரிந்த கலைஞருக்கு அது போதும். அவரைத் தேடி வருகிறவர்கள் அவருடைய தளத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் உங்களிடம் வந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சந்தை தேவைப்படுவது இன்னும் பெயர் வெளியே தெரியாத கலைஞருக்கும், யாரைத் தேடுவது என்றே தெரியாத வாங்குபவருக்கும்தான். "கட்டிலுக்கு மேலே மாட்ட, நீல நிறத்தில் ஏதாவது" என்று தேடுகிறவருக்கு எந்த ஓவியரின் பெயரும் தெரியாது.

இரண்டாவது காரணம் பணம். முன்பின் தெரியாத ஒருவருக்குப் பெரிய தொகையை அனுப்பிவிட்டுப் பார்சலுக்காகக் காத்திருக்க யாரும் தயங்குவார்கள். பொருள் கைக்கு வரும்வரை பணம் நடுவில் ஒருவரிடம் இருக்கிறது என்றால் அந்தத் தயக்கம் பாதியாகிவிடும்.

எட்சி இருக்கும்போது இன்னொரு சந்தை யாருக்கு வேண்டும்?

எட்சி என்ற இணையச் சந்தை 2005-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கைவினைப் பொருள்களுக்கென்றே தொடங்கியது. 2013-இல், வெளித் தயாரிப்பாளர்களிடம் செய்து வாங்கி விற்பதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2015-இல் பங்குச் சந்தைக்குப் போனது. 3.5 விழுக்காடாக இருந்த விற்பனைக் கட்டணம் 2018-இல் 5 ஆகி, 2022 ஏப்ரலில் 6.5 ஆனபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையைச் சாத்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆக, மனக்குறையோடு இருக்கும் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை.

அதை நம்பி எட்சியோடு நேருக்கு நேர் மோதக் கிளம்பிவிடாதீர்கள். பெர்லினில் 2006-இல் தொடங்கிய தாவாண்டா கைவினைச் சந்தை ஐரோப்பாவில் நன்றாகவே பேர் வாங்கியது. 2018-இல் அது மூடியபோது தன் விற்பனையாளர்களை எட்சிக்கே வழியனுப்பி வைத்தது. பரப்பில் பெரியவரை வெல்ல முடியாது. ஒடுக்கமாகப் போங்கள்: லினோ அச்சுகள் (லினோலியம் பலகையில் செதுக்கி எடுக்கும் அச்சோவியங்கள்) மட்டும், சிறுவர் நூல்களுக்கு வரையப்பட்ட மூல ஓவியங்கள் மட்டும், கையால் தைத்த சிறு புத்தகங்கள் மட்டும். "எல்லாக் கலைஞர்களுக்கும்" என்று தொடங்குகிற திட்டத்தைப் பார்த்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

முதலில் யாரைச் சேர்ப்பது, கலைஞர்களையா வாங்குபவர்களையா?

கலைஞர்களை. ஆனால் கொஞ்சம் பேரை. நாங்கள் செய்த முதல் பெரிய தவறு இங்கேதான். பதிவு செய்ய யாரையும் தடுக்கவில்லை. நானூறு கணக்குகள் சேர்ந்துவிட்டன என்று கொண்டாடினோம். உள்ளே போய்ப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் ஒரே ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வருகிறவர் எந்தக் கதவைத் திறந்தாலும் காலி அறை.

முப்பது கலைஞர்கள், ஆளுக்கு எட்டுப் பத்துப் படைப்புகள் என்றால் ஒரு சந்தைக்குத் தேவையான நிறைவு வந்துவிடும். அந்த முப்பது பேரிடமும் நீங்களே பேச வேண்டும், அவர்களுடைய பக்கங்களை நீங்களே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். முதல் வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்தக் கலைஞர்களின் பழைய வாடிக்கையாளர்களாகத்தான் இருப்பார்கள். அதில் தவறில்லை. ஒருவரைத் தேடி வந்தவர் பக்கத்துக் கடையையும் எட்டிப் பார்ப்பதில்தான் சந்தையே தொடங்குகிறது.

மென்பொருளை நாங்களே எழுத வேண்டுமா?

வேண்டாம். வேர்ட்பிரஸ் தளங்களில் கடை அமைக்க உதவும் வூகாமர்ஸில் பல விற்பனையாளர்களைச் சேர்க்கும் செருகுநிரல்கள் இருக்கின்றன. ஷேர்டிரைப் போன்ற ஆயத்தத் தளங்களும் இருக்கின்றன. ஒரே ஆர்டரின் பணத்தை இரண்டு மூன்று கலைஞர்களுக்குப் பிரித்து அனுப்புவதுதான் உண்மையிலேயே சிக்கலான பகுதி. ஸ்ட்ரைப் கனெக்ட் போன்ற சேவைகள் அதற்கென்றே உள்ளன. முதல் ஐம்பது விற்பனையை ஒரு விரிதாளிலேயே நடத்திப் பாருங்கள், எதை எழுத வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

கமிஷன் எவ்வளவு வைத்தால் நியாயம்?

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள். சுவரும் விளக்கும் உள்ள கலைக்கூடங்கள் பல, விற்ற விலையில் பாதியை எடுத்துக்கொள்கின்றன. இசைக் கலைஞர்கள் நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப், இசைப் பதிவிறக்கத்தில் 15 விழுக்காடு எடுக்கிறது. ஒரு கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது 10 ஆகக் குறையும். ஒளிப்படங்களைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்க, கனடாவில் ஒளிப்படக் கலைஞர்கள் கூட்டுறவாக நடத்தும் ஸ்டாக்சி, சாதாரண உரிமத்தில் 50 விழுக்காட்டையும் விரிவான உரிமத்தில் 75 விழுக்காட்டையும் கலைஞருக்குக் கொடுக்கிறது.

விழுக்காட்டைப் பார்ப்பதைவிட ஓர் ஆர்டரை எடுத்துக் கடைசிவரை கணக்குப் போடுவது நல்லது. படைப்பின் விலை 100, அனுப்பும் செலவு 12 என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 112 செலுத்துகிறார். கார்டு பரிவர்த்தனைக்கு 3 விழுக்காடு என்றால் 3.36 போய்விட்டது. உங்கள் கமிஷன் 15. கார்டு செலவை நீங்களே ஏற்றால் உங்களிடம் மிஞ்சுவது 11.64. சர்வர், திரும்பி வரும் பார்சல்கள், ஒருவருடைய சம்பளம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கலைஞருக்குப் போவது 97. அதில் 12 பார்சலுக்குப் போக, கையில் 85. கேன்வாஸ், வண்ணம், அட்டை எல்லாம் இந்த 85-இல்தான்.

இதே 15 விழுக்காட்டை 112-க்கும் சேர்த்து எடுத்தால் கமிஷன் 16.80. கூடுதலாக எடுத்த 1.80, பார்சல்காரருக்குப் போய்ச் சேர வேண்டிய பணத்தில் நீங்கள் வைத்த கை. எட்சி, பார்சல் அனுப்பும் செலவையும் சேர்த்தே கட்டணம் கணக்கிடுகிறது. கலைஞர்கள் முணுமுணுக்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று. என் கருத்து: 15 முதல் 20 விழுக்காடு, படைப்பின் விலையில் மட்டும், கார்டு செலவு உங்களுடையது. படம் பதிவேற்றக் கட்டணம் வைக்காதீர்கள். அது விற்காத கலைஞரிடமிருந்தும் காசு பிடுங்குவது.

பணத்தை எப்போது கொடுப்பது? உடனேயா, மாதம் ஒருமுறையா?

பார்சல் சேர்ந்து, வாங்கியவர் பார்த்துச் சொல்ல ஏழு நாள் கழிந்ததும் கொடுங்கள். ஆனால் நாள் மாறக்கூடாது. எங்களுடைய பட்டுவாடா நாள் செவ்வாய்க்கிழமை. முதல் ஆண்டில் தளம் பலமுறை படுத்திருக்கிறது. ஒருமுறை முழு வாரயிறுதியும் யாராலும் உள்ளே வர முடியவில்லை. அதற்காக வந்த மின்னஞ்சல்கள் இரண்டு. ஒரு வாரம் மட்டும் செவ்வாய்க்கிழமை பணம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. வந்த மின்னஞ்சல்கள் முப்பத்தொன்று. அவற்றில் ஒன்று, "வீட்டு உரிமையாளரிடம் செவ்வாய் என்று சொல்லிவிட்டேன்" என்ற ஒரே வரி.

விற்பனைப் பணத்தையும் உங்கள் நடைமுறைச் செலவுப் பணத்தையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். அது உங்கள் பணமே அல்ல. கார்டில் வாங்கியவர் தன் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறப் பெரும்பாலும் 120 நாள்வரை அவகாசம் உண்டு. கலைஞருக்குக் கொடுத்த பிறகு அப்படி ஒன்று வந்தால் சமாளிக்க ஒரு தொகை ஒதுக்கியிருக்க வேண்டும். அந்தத் தொகையை உங்கள் கமிஷனிலிருந்து ஒதுக்குங்கள்; கலைஞரின் பணத்தைப் பிடித்து வைக்காதீர்கள்.

பெயர் என்ன வைப்பது? "கலைச்சந்தை" என்று வைத்தால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் உங்களுக்குச் சொந்தமாகாது. தொழிலை அப்படியே விவரிக்கும் சொல்லை வணிகக்குறியாகப் பதிவு செய்வது பெரும்பாலான நாடுகளில் கடினம். போட்டியாளரும் அதே சொல்லைப் பயன்படுத்தும் உரிமை உள்ளவர் என்பதுதான் காரணம். மறுகோடியில் இருப்பது, முன்பு எந்தப் பொருளும் இல்லாமல் புதிதாக உருவாக்கிய சொல். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் பதிவு செய்த "கோடாக்" அப்படிப்பட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொழிலோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு பழகிய சொல்லே போதும்.

பதிவு செய்யும்போது, வணிகக்குறிகளுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரிக்கும் சர்வதேச நைஸ் வகைப்பாட்டில் இணையச் சந்தைச் சேவை 35-ஆம் வகுப்பில் வரும். உங்கள் பெயரிலேயே அச்சுப்படங்கள் வெளியிடுவதாக இருந்தால் 16-ஐயும் பாருங்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் தப்பாக எழுதினால் வேறு பெயர் தேடுங்கள்.

லோகோவுக்கும் வண்ணத்துக்கும் எவ்வளவு செலவு செய்யலாம்?

குறைவாக. கலைக்கூடத்தின் சுவர் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பளீரென்ற ஆரஞ்சுப் பட்டையும் ஊதா பொத்தானுமாக நீங்கள் ஒரு தளம் வடிவமைத்தால், அது அங்கே தொங்கும் ஒவ்வொரு ஓவியத்தோடும் சண்டை போடும். வெள்ளை, வெளிர் சாம்பல், ஒரே எழுத்துரு. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பிராண்டு என்பது வேறு இடங்களில் உருவாகிறது. 2020 மார்ச் 20, ஒரு வெள்ளிக்கிழமை. பெருந்தொற்றில் நிகழ்ச்சிகள் நின்றுபோயிருந்த நேரம். பேண்ட்கேம்ப் அந்த ஒரு நாள் விற்பனையில் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அது பிறகும் தொடர்ந்து, "பேண்ட்கேம்ப் வெள்ளி" என்றே பெயராகிவிட்டது. அந்த நிறுவனத்தின் லோகோவை நினைவிலிருந்து வரையத் தெரியாதவர்களுக்கும் அந்த வெள்ளிக்கிழமை தெரியும். எங்கள் செவ்வாய்க்கிழமையும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்தது.

இன்னொன்று பார்சலுக்குள் வைக்கும் சீட்டு. எங்கள் முதல் சீட்டில் எங்கள் பெயர் பெரிதாக மேலே, கலைஞரின் பெயர் ஆர்டர் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில். இரண்டாவது பதிப்பில் தலைகீழாக மாற்றினோம்: மேலே கலைஞரின் பெயர், படைப்பின் பெயர், என்ன வண்ணம், எந்தத் தாள், எந்த ஆண்டு, கீழே ஓரமாக நாங்கள். அதன் பிறகு வாங்கியவர்கள் அந்தச் சீட்டைத் தூக்கி எறியாமல் சட்டகத்தின் பின்புறம் ஒட்டிவைக்கத் தொடங்கினார்கள். எங்கள் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

கலைஞர்கள் அனுப்பும் படங்கள் மோசமாக இருக்கின்றன. என்ன செய்வது?

பெரும்பாலும் குற்றவாளி மஞ்சள் விளக்கு. இரவில் அறை விளக்கின் கீழே எடுத்த படத்தில் வெள்ளைத் தாள் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் "நிறம் மாறியிருக்கிறது" என்று திருப்பி அனுப்புவார். நேர் வெயில் படாத ஜன்னலருகே, பகலில், பிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். கோப்பு எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற, திரைகளுக்கான பொதுவான வண்ணவெளியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சில திரைகளில் நிறம் மங்கித் தெரியும்.

நான்கு படங்களைக் கட்டாயமாக்குங்கள்: முழுமையாக ஒன்று, மூலையை நெருங்கி ஒன்று, பின்புறம் ஒன்று, பக்கத்தில் ஒரு கையோ நாற்காலியோ இருக்க அளவு தெரியும்படி ஒன்று. அளவைச் சென்டிமீட்டரில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. கை இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். காட்சிக்கு நீளப்பக்கம் 2,000 பிக்சல் போதும். ஏ4 அளவில் தரமாக அச்சிட 2,480-க்கு 3,508 பிக்சல் தேவை. அந்த அளவுக் கோப்பை வெளியே வைத்தால் திருடனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல்.

யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாமா? மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்களே?

நானூறு காலிக் கடைகளின் கதையை மேலே சொல்லிவிட்டேன். தேர்வு வேண்டும். அளவுகோலை முன்கூட்டியே எழுதி வெளியிடுங்கள், மறுப்புக் கடிதத்தில் எந்த அளவுகோல் என்று குறிப்பிடுங்கள். "எங்கள் ரசனைக்குப் பொருந்தவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர் கோபப்படுவது நியாயமே.

"அசல்", "பிரிண்ட்", "ஜிக்ளே", "லிமிடெட் எடிஷன்": எதை எப்படிக் குறிப்பது?

இதில் குழப்பினால் ஏமாற்றியதாகிவிடும். கலைஞரின் கை நேரடியாகப் பட்ட ஒரே பிரதி அசல். லினோ, மரக்கட்டை, செதுக்கு அச்சு போன்றவற்றில் கலைஞர் தயாரித்த பாளத்திலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு பிரதியும் அசல் அச்சோவியம்தான். ஓவியத்தை ஒளிப்படம் எடுத்து இங்க்ஜெட் அச்சுப்பொறியில் அச்சிடுவது வெறும் நகல். அந்த இங்க்ஜெட் அச்சுக்கு 1991-இல் ஜாக் டுகான் என்ற அச்சாளர் வைத்த நாகரிகப் பெயர்தான் ஜிக்ளே. பெயர் அழகாக இருப்பதால் அது அசலாகிவிடாது.

12/50 என்று பென்சிலில் எழுதியிருந்தால், ஐம்பதில் பன்னிரண்டாவது என்று பொருள். அந்த ஐம்பதோடு நிறுத்துவது கலைஞர் கொடுத்த வாக்கு; லிமிடெட் எடிஷன் என்பது இதுதான். எத்தனை விற்றது, எத்தனை கலைஞரின் சொந்தப் பிரதி என்ற பதிவேட்டை நீங்களும் வைத்திருங்கள். ஐம்பத்தொன்றாவது பிரதி ஒன்று எங்காவது தென்பட்டால் முதல் ஐம்பது பேரும் உங்களிடம்தான் வருவார்கள்.

யாரோ ஒருவர் வேறொருவரின் படத்தைத் திருடிப் போட்டுவிட்டால் நாங்கள் பொறுப்பா?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பல இடங்களில் அடிப்படை ஒன்றுதான்: தகவல் கிடைத்ததும் விரைவாக நீக்கினால் தளத்துக்குப் பாதுகாப்பு, தெரிந்தும் வைத்திருந்தால் பொறுப்பு. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற மின்னணுப் பதிப்புரிமைச் சட்டம் இந்த முறையைப் பிரபலமாக்கியது. அது புகாருக்கு உள்ளானவருக்கும் பதில் சொல்ல வாய்ப்புத் தருகிறது, திரும்பத் திரும்ப மீறுகிறவரை வெளியேற்றும் கொள்கை இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. புகார் அனுப்பும் முகவரியைத் தளத்தின் அடியில் ஒளித்து வைக்காதீர்கள். புகார் பொய்யாகவும் இருக்கலாம், போட்டிக் கலைஞரே அனுப்பியதாகவும் இருக்கலாம். ஓவியம் படிப்படியாக உருவான கட்டங்களின் படங்களை இருவரிடமும் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாலையில் உண்மை தெரிந்துவிடும்.

ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியவர் அதை டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்கலாமா?

கூடாது. வாங்கியது கேன்வாஸை, பதிப்புரிமை எழுத்தில் மாற்றிக்கொடுக்கப்படாதவரை கலைஞரிடமே இருக்கும். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின்படி அது குறைந்தது கலைஞரின் ஆயுளும் அதன் பின் 50 ஆண்டுகளும். பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கிறது என்ற ஒரு வாக்கியத்தைப் பார்சல் சீட்டின் பின்புறம் அச்சிட்டுவிடுங்கள்.

ஏஐ படங்களை அனுமதிப்பதா, கூடாதா?

எந்த முடிவானாலும் முதல் நாளே எழுதி வையுங்கள், நழுவாதீர்கள். 2022 நவம்பரில், கலைஞர்கள் படங்களைப் பகிரும் டீவியன்ட்ஆர்ட் தளம் தன் ஏஐ கருவியை வெளியிட்டபோது, தங்கள் படங்கள் ஏஐ பயிற்சிக்கு எடுக்கப்படக்கூடாது என்றால் கலைஞர்களே விலகிக்கொள்ள வேண்டும் என்று வைத்தது. எழுந்த கொந்தளிப்பில், விலக்கையே எல்லாருக்கும் இயல்புநிலையாக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அதேபோன்ற இன்னொரு தளமான ஆர்ட்ஸ்டேஷனின் முகப்பு முழுவதும் கலைஞர்கள் ஏஐ எதிர்ப்புப் படங்களைப் போட்டு நிரப்பினார்கள். அமெரிக்காவில் மனிதர் படைக்காத, முழுக்க இயந்திரம் உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. அப்படியானால் லிமிடெட் எடிஷன் என்று அதை விற்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

நாங்கள் அனுமதிக்கவில்லை. சந்தேகம் வந்தால் கட்டங்களின் படத்தைக் கேட்டோம். திருட்டுப் புகாரில் செய்ததையே இங்கும் செய்தோம். இதைவிட முக்கியமானது உங்கள் விதிமுறை. பதிவேற்றிய படங்களை "எந்த நோக்கத்துக்கும்" பயன்படுத்தலாம் என்ற வாசகத்தை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

பார்சல் நசுங்கிப் போய்ச் சேர்ந்தால் யார் ஏற்பது?

முதலில் நீங்கள் ஏற்று வாங்கியவரின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு கலைஞரோடும் பார்சல் நிறுவனத்தோடும் பேசுங்கள். எங்களிடம் திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை மூலை நசுங்கியவை. நடுவில் சேதமானது அபூர்வம். நான்கு மூலைக்கும் மடித்த அட்டை, ஓவியத்தின் மேல் கிளாசின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள், பெட்டிக்கும் சட்டகத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். குமிழித்தாளை வண்ணத்தின் மேலேயே சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் அம்மை போட்டதுபோல வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வாங்குபவரும் கலைஞரும் பழகிவிட்டு, அடுத்த முறை எங்களை விட்டுவிட்டு நேரடியாக முடித்துக்கொள்கிறார்கள். எப்படித் தடுப்பது?

தடுக்காதீர்கள். மின்னஞ்சல் முகவரியை அழிப்பது, செய்திகளை வடிகட்டுவது எல்லாம் செய்து பார்த்தோம். கலைஞர்கள் தங்கள் முகவரியை ஓவியத்தின் பின்புறம் எழுதி அனுப்பினார்கள். அங்கே போய் யார் அழிப்பது? அதன் பிறகு ஒரு விதியை மாற்றினோம்: கலைஞரே கூட்டிவரும் வாடிக்கையாளரின் ஆர்டருக்குக் கமிஷன் 5 விழுக்காடு மட்டும். பணப் பாதுகாப்பும் செவ்வாய்க்கிழமைப் பட்டுவாடாவும் அந்த 5 விழுக்காட்டிலேயே கிடைத்ததால் பலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. முதல் கேள்விக்கான பதிலில் சொன்னேனே, பெயர் தெரிந்துவிட்டவர்கள். அவர்கள் போகட்டும்.

பெரிய நிறுவனம் விலைக்குக் கேட்டால்? அல்லது மூடவேண்டி வந்தால்?

பேண்ட்கேம்பை 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு மென்பொருள் நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டே சாங்ட்ராடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்குக் கைமாறியது, ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வேலை போனது. கலைஞர்கள் எந்த முடிவிலும் இல்லை. ஸ்டாக்சிபோல் கூட்டுறவாக இருந்தால் விற்கும் முடிவில் அவர்களுக்கும் வாக்கு உண்டு, ஆனால் முதலீடு திரட்டுவது கடினம்.

கூட்டுறவு முடியாதென்றாலும் விதிமுறையில் ஒரு பிரிவு சேர்க்கலாம். உரிமை கைமாறினாலோ மூடினாலோ 90 நாள் முன்னறிவிப்பு. நிலுவைப் பணம் முழுவதும் அதற்குள். விற்பனைக் கணக்கும் எடிஷன் பதிவேடும் கலைஞருக்குக் கோப்பாக. படங்கள் சர்வரிலிருந்து நீக்கம். எங்கள் விதிமுறையில் அது பதினான்காவது பிரிவு. சேர வந்தவர்களில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் அவ்வளவு தூரம் படித்தார், ஒரு பீங்கான் கலைஞர். "90 போதாது, என் சூளையில் ஒரு சுற்று வேலை முடியவே நான்கு மாதம் ஆகும்" என்றார். 120 என்று திருத்தினோம்.